சாலமன் தீவுகளும் பிறர் மூட்டிய போரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்னிசை கேட்கவும் பிள்ளைகளின் நாடகம் காணவும் ஆவலோடு காத்திருக்கும் இந்த அவையில், கடல் கடந்த ஒரு தீவுக் கூட்டத்தின் போர்க் கதையைப் பேசுவது பொருந்துமா என்று யாம் எண்ணிப் பார்த்தோம். பொருந்தும் என்றே எமக்குத் தோன்றியது. இரண்டாம் உலகப் போரை நம் பிள்ளைகள் பாட நூல்களில் படிக்கிறார்கள், திரைப்படங்களில் காண்கிறார்கள். அவற்றில் அமெரிக்கர் வருகின்றனர்; ஜப்பானியர் வருகின்றனர்; போர்க்கப்பல்களும் விமானங்களும் வருகின்றன. ஆனால் அந்தப் போர் நடந்த மண் யாருடையது, அங்கே வாழ்ந்த மக்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. அந்தக் கேள்வியை எழுப்புவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நம் முன்னோர் போரில் வீழ்ந்தவர்க்கு நடுகல் நாட்டினர் என்பதை யாவரும் அறிவோம். முடிவேந்தர்க்கு மட்டும் அவர்கள் அச்சிறப்பைச் செய்யவில்லை. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கச் சென்று உயிர் நீத்த எளிய வீரனுக்கும் அவன் பெயரையும் பெருமையையும் பொறித்து, ஊர்ப்புறத்தே கல் நாட்டினர். யாருடைய தோளும் குருதியும் ஊரைக் காத்தனவோ, அவர் பெயர் கல்லில் நிற்க வேண்டும் என்பது அம்மரபின் உட்பொருள். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு சாலமன் தீவுகளுக்குச் செல்வோம்.

ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே, பசிபிக் பெருங்கடலில், பப்புவா நியூ கினிக்குக் கிழக்கே இத்தீவுகள் இரட்டை வரிசையாய்க் கிடக்கின்றன. பெரிய தீவுகள் சில. சிறியவை பல நூறு. ஓங்கிய மலையும் அடர்ந்த காடும் கொண்ட நிலம், ஓயாத மழை, கரையெங்கும் தென்னை. மக்கள் பேசும் மொழிகள் எழுபது அளவில் உண்டு. 1568-ஆம் ஆண்டு மெண்டானா என்ற ஸ்பானிய மாலுமி இங்கே வந்தார். சாலமன் மன்னனின் பொற்குவை இங்கே இருக்கலாம் என்ற ஆசையில் எழுந்ததே இத்தீவுகளின் பெயர். அவற்றுள் பெரியதான குவாடல்கனால் தீவுக்கு ஸ்பெயின் நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயர் வாய்த்தது. இவ்வாறு, அந்த மண்ணுக்கு அயலார் பெயரிடும் வழக்கம் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் கப்பல்கள் இங்கே வந்தன. ஆசை காட்டியும் வஞ்சித்தும், சில வேளை வன்முறையாலும், தீவு மக்களைக் குயின்ஸ்லாந்துக்கும் பிஜிக்கும் கொண்டு சென்றனர். பிஜி என்றதும் நமக்கு ஒரு நினைவு எழும். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களும் அதே பிஜிக்கு ஏற்றப்பட்டார்கள் அல்லவா? நம்மவர் சிந்திய வியர்வைக்கு முன்னரே சாலமன் தீவினரின் வியர்வை அந்த மண்ணில் விழுந்திருந்தது. ஆதலின் இம்மக்கள் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர்.

1893-இல் பிரிட்டன் இத்தீவுகளைத் தன் பாதுகாப்பு நாடாக அறிவித்தது. துலாகி என்னும் மிகச் சிறிய தீவு தலைநகராயிற்று. விரல் விட்டு எண்ணத்தக்க அதிகாரிகள், தென்னந்தோட்ட முதலாளிகள், பாதிரிமார்கள், இவர்களே வெள்ளையர். ஏறத்தாழ ஓர் இலட்சம் பேராகிய மண்ணின் மக்கள் தோட்டத்தில் கூலிகள், வீட்டில் பணியாளர், ஆட்சியில் அவர்களுக்குக் குரல் இல்லை.

இந்நிலையில் போர் வந்தது. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகர மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊர்களுக்கு ஓடிய அந்த நாட்களைப் பற்றிப் பெரியோர் சொல்ல நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அடுத்த மாதம், மே 3-ஆம் நாள், ஜப்பானியர் துலாகியில் இறங்கினர். நம் கரையை அச்சுறுத்திவிட்டு அகன்ற புயல் அவர்கள் கரையில் நிலைகொண்டுவிட்டது.

துலாகிக்கு எதிரே உள்ள குவாடல்கனாலின் வடகரையில், லுங்கா ஆற்றின் அருகே, ஜப்பானியர் விமானத்தளம் ஒன்று அமைக்கத் தொடங்கினர். அத்தளம் முடிந்துவிட்டால் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே உள்ள கடல்வழி அடைபடும். அதனைத் தடுக்க 1942 ஆகஸ்டு 7-ஆம் நாள் அமெரிக்கப் படைகள் இறங்கின. தளம் கைப்பற்றப்பட்டது. மிட்வே போரில் மாண்ட ஹெண்டர்சன் என்ற விமானப்படை அதிகாரியின் பெயரை அதற்கு இட்டனர். அந்த ஒரு விமானத்தளத்தைப் பற்றி ஆறு மாத காலம் இரண்டு வல்லரசுகள் மோதின.

ஆகஸ்டு 9-ஆம் நாள் பின்னிரவில் சாவோ தீவின் அருகே நான்கு பெரிய நேசநாட்டுப் போர்க்கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். அடுத்தடுத்து நடந்த கடற்போர்களில் இரு தரப்புக் கப்பல்களும் ஒன்றன்மேல் ஒன்றாய் மூழ்கியதால் அக்கடற்பரப்புக்கே 'இரும்படிக் கடல்' என்று பொருள்படும் பெயர் ஏற்பட்டது. கரையிலோ, செப்டம்பர் மாதத்தில் விமானத்தளத்தின் தெற்கே உள்ள மேட்டில் நிகழ்ந்த இரவுப்போர் அந்த மேட்டுக்குக் 'குருதி மேடு' என்ற பெயரைத் தந்தது.

ஜப்பானியச் சிப்பாய்களின் நிலையும் இரங்கத்தக்கதே. கப்பல்கள் உணவு கொண்டுவர இயலாமற்போன காலத்தில், காட்டில் சிக்கியவர்கள் வேரையும் இலையையும் தின்றனர். 'பட்டினித் தீவு' என்று அவர்களே அதற்குப் பெயரிட்டனர். கரையில் மாண்ட இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியரில் பெரும் பகுதியினர் பசிக்கும் மலேரியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் இரையானவர்கள். 1943 பிப்ரவரி முதல் வாரத்தில், எஞ்சிய பத்தாயிரம் பேரளவினரை இரவோடு இரவாகக் கப்பலேற்றி ஜப்பான் மீட்டுக்கொண்டது. ஜப்பானின் முன்னேற்றம் அங்கே தடைப்பட்டது.

வரலாற்று நூல்கள் பல இவ்வளவோடு கதையை முடித்துக்கொள்கின்றன. யாம் சொல்ல வந்தது இனிமேல்தான்.

ஜப்பானியர் வருகிறார்கள் என்றதும் தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் பெரும்பாலும் கப்பலேறிவிட்டனர். ஓட இடமின்றி நின்றவர்கள் மண்ணின் மக்களே. அதிகாரிகளில் மிகச் சிலர் மட்டும் காட்டுக்குள் ஒளிந்து, பகைவரின் கப்பல்களையும் விமானங்களையும் கண்காணித்து வானொலியில் செய்தி அனுப்பினர். இவர்களுக்குக் கரைக்காவலர் என்று பெயர். ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்த எரிக் ஃபெல்ட் அந்த அமைப்பை நடத்தினார். சண்டையிட மறுத்துப் பூவின் நறுமணத்தை நுகர்ந்துகொண்டிருந்த ஒரு காளையைப் பற்றிய குழந்தைக் கதை அக்காலத்தில் வழங்கியது. அக்காளையின் பெயரையே அமைப்புக்குச் சூட்டினார். பார்ப்பதே உங்கள் பணி, போரிடுவதன்று என்பது அதன் குறிப்பு. பூகன்வில் தீவிலிருந்து இவர்கள் அனுப்பிய எச்சரிக்கை, குண்டுவீச்சு விமானங்கள் குவாடல்கனாலை அடைவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து சேர்ந்தது. குவாடல்கனாலைக் காத்தவர்கள் கரைக்காவலர்கள், பசிபிக்கைக் காத்தது குவாடல்கனால் என்ற கருத்துப்பட அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஹால்சி பாராட்டினார்.

பாராட்டு நியாயமானதே. ஆயினும் அந்த வானொலிப் பெட்டி எத்தகையது? மின்கலங்களும் மின்னாக்கி எந்திரமும் சேர்ந்த அந்தக் கருவியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லப் பன்னிரண்டு முதல் பதினாறு ஆட்கள் வேண்டும். பகைவர் தேடி வரும்போதெல்லாம் மழைச் சேற்றிலும் செங்குத்தான மலையிலும் அதைச் சுமந்து ஏறியவர்கள் யார்? உணவு கொண்டுவந்தவர்கள் யார்? ஜப்பானியர் முகாமுக்குள் கூலிகளைப் போலப் புகுந்து பீரங்கிகளை எண்ணிக்கொண்டு திரும்பியவர்கள் யார்? தீவின் மக்களே. எந்த ஊரிலாவது ஒருவர் காட்டிக்கொடுத்திருந்தால் அந்த வெள்ளையர் ஒரு வாரமும் உயிர் பிழைத்திருக்க மாட்டார்கள். பகைவரின் பார்வையில் படாமல் அவர்களை மறைத்து வைத்த பெருந்திரை அம்மக்களின் மௌனமே.

அவர்களுள் ஒருவரைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஜேக்கப் வௌசா என்பது அவர் பெயர். குவாடல்கனால் தீவினர், காவற்படையில் நெடுங்காலம் பணியாற்றி 1941-இல் ஓய்வு பெற்றவர். போர் வந்ததும் தாமே முன்வந்து சாரணராகச் சேர்ந்தார். 1942 ஆகஸ்டு 20-ஆம் நாள், இச்சிகி என்ற தளபதியின் படையிடம் அவர் அகப்பட்டுக்கொண்டார். அவரிடம் சிறிய அமெரிக்கக் கொடி ஒன்று இருந்தது கண்டு அவரை மரத்தில் கட்டினர். அமெரிக்கர் நிலைகளைப் பற்றிக் கேட்டு வதைத்தனர். அவர் வாய் திறக்கவில்லை. கைகளிலும் மார்பிலும் கழுத்திலும் துப்பாக்கி முனை ஈட்டியால் குத்தி, இறந்துவிடுவார் என்று விட்டுச் சென்றனர். நடுவயதைக் கடந்த அந்த மனிதர் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். குருதி ஒழுகக் காட்டின் ஊடே நடந்தும் ஊர்ந்தும் அமெரிக்கர் காவல் எல்லையை அடைந்தார். மருத்துவம் பார்க்க முயன்றவர்களைத் தடுத்து, பகைவர் எத்தனை பேர், எத்திசையில் வருகின்றனர் என்பதை முதலில் உரைத்தார். அந்த இரவே தாக்குதல் நிகழ்ந்தது. ஏறத்தாழ 900 பேர் கொண்ட இச்சிகி படையில் 800 பேரளவில் மடிந்தனர்.

வௌசா பிழைத்தார். அமெரிக்காவின் வெள்ளி விண்மீன் பதக்கமும் பிரிட்டனின் ஜார்ஜ் பதக்கமும் பெற்றார். 1979-இல் 'சர்' பட்டம் அவரை அடைந்தது. 1984-இல் மறைந்தார். பெயர் நிலைத்த ஒருவரின் கதை இது. பெயர் நிலைக்காதவர் எத்தனை பேர்!

1943 ஆகஸ்டு 2-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், மேற்குத் தீவுகளின் அருகே, ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று சிறியதோர் அமெரிக்க டார்ப்பிடோப் படகின்மீது மோதி அதை இரண்டாகப் பிளந்தது. பதின்மூவரில் இருவர் மாண்டனர். எஞ்சிய பதினொருவர் கசோலோ என்ற சிறு தீவுக்கு நீந்திச் சென்றனர். அவர்களின் தலைவர், பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடி. நாட்கள் கழிந்தன, தேடி வருவார் இல்லை. அவர்களைக் கண்டவர்கள் பியுக்கு காசா, எரோனி குமானா என்னும் இரு தீவு இளைஞர்கள். கரைக்காவலர் ஒருவருக்குச் சாரணராய்ப் பணிபுரிந்தவர்கள். எழுதத் தாள் இல்லை. தேங்காய் மட்டையில் எழுதலாம் என்ற வழியைக் காட்டியவர் காசா. கென்னடி அதில் செய்தியைச் செதுக்கினார். அதை ஏந்தி, பகைவர் நடமாடிய கடலில் முப்பது மைலுக்கும் மேலாகத் துடுப்பு வலித்துச் சென்றனர் இருவரும். பதினொருவரும் காப்பாற்றப்பட்டனர்.

அந்தத் தேங்காய் மட்டை பின்னர் வெள்ளை மாளிகையில் கென்னடியின் மேசைமேல் இருந்தது. இன்று பாஸ்டன் நகரில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் இருக்கிறது. கசோலோ தீவை இன்று 'கென்னடி தீவு' என்று அழைக்கின்றனர். காசா 2005-இலும் குமானா 2014-இலும் தத்தம் தீவிலேயே மறைந்தனர். காப்பாற்றப்பட்டவர் பெயரால் ஒரு தீவு இருக்கிறது. காப்பாற்றியவர் பெயரால் இல்லை. எவர்மீதும் பழி கூற இதனைச் சொல்லவில்லை. உலகம் பெயரிடும் முறை இவ்வாறு இருக்கிறது என்பதைக் காட்டவே சொல்கிறோம்.

போர்க்களத்துக்கு வெளியே இன்னொரு பெரும் பணி நடந்தது. 1942 இறுதியில் தொழிற்படை ஒன்று அமைக்கப்பட்டது. மூவாயிரம் அளவில் தீவு இளைஞர்கள் அதில் சேர்ந்தனர். மலைத்தா தீவினர் மிகுதி. கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதும், பீரங்கிக் குண்டு சுமப்பதும், காயமுற்றவரைத் தூக்கி வருவதும் அவர்கள் வேலை. தலைமேல் குண்டு விழும் இடத்தில் மாதக் கூலி ஒரு பவுண்டு. ஆனால் அங்கே அவர்கள் ஒன்றைக் கண்டார்கள். கறுப்பு நிறத்து அமெரிக்கச் சிப்பாய்கள் வெள்ளையரைப் போன்றே சீருடை அணிந்திருந்தனர், லாரி ஓட்டினர், எந்திரங்களை இயக்கினர். அமெரிக்கப் படையிலும் அக்காலத்தில் நிறப் பிரிவினை இருந்தது உண்மையே. எனினும், வெள்ளையர் உண்ணும் இடத்தருகே நிற்கவும் கூடாது என்று வளர்க்கப்பட்ட தீவு இளைஞர்க்கு அக்காட்சியே பெரும் பாடமாயிற்று. அமெரிக்கர் அன்பளிப்பாகக் கொடுத்த பொருள்களைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் பறித்துக்கொண்டது அவர்கள் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று.

அந்த இளைஞர்கள் ஊர் திரும்பியபின் மலைத்தாவில் 'மாசினா' இயக்கம் எழுந்தது. உடன்பிறந்தார் உறவைக் குறிக்கும் சொல் அது. எங்கள் ஊரை நாங்களே ஆள்வோம், அற்பக் கூலிக்குத் தோட்ட வேலைக்குப் போகமாட்டோம், எங்கள் வழக்கங்களை நாங்களே எழுதி வைப்போம் என்றனர். 1947 முதல் அரசு தலைவர்களைச் சிறையிலிட்டது; பின்தொடர்ந்தோர் ஆயிரக்கணக்கில் சிறை புகுந்தனர். பணியவில்லை. இறுதியில் 1953-இல் மலைத்தாவுக்கென மக்கள் மன்றம் அமைந்தது. 1978 ஜூலை 7-ஆம் நாள் சாலமன் தீவுகள் விடுதலை பெற்றன. பிறர் போரில் சுமை தூக்கிய தோள்களே பின்னர்த் தம் நாட்டின் உரிமையையும் தூக்கி நிறுத்தின. போர் அவர்களுக்கு விடுதலையைப் பரிசாக வழங்கவில்லை. போரில் தம் கண்ணால் கண்டதைக்கொண்டு அவர்கள் அதைத் தேடிக்கொண்டார்கள்.

இன்று அங்கே செல்வோர் காண்பவை யாவை? துலாகி அழிந்தமையால், குவாடல்கனாலில் அமெரிக்கர் விட்டுச் சென்ற முகாமே ஹொனியாரா என்னும் தலைநகராய் வளர்ந்தது. ஹெண்டர்சன் தளமே நாட்டின் பன்னாட்டு விமான நிலையம். நகரின் பெரிய மருத்துவமனையை மக்கள் இன்றும் 'ஒன்பதாம் எண்' என்று பொருள்படும் பெயரால் சுட்டுகின்றனர். போர்க்காலப் படை மருத்துவமனையின் எண் அது. குன்றின்மேல் 1992-இல் திறக்கப்பட்ட அமெரிக்க நினைவகத்தின் சுவர்கள் போர்க்களங்களின் திசைகளை நோக்கி நிற்கின்றன. ஆஸ்டின் மலைப் பகுதியில் ஜப்பானியர் எழுப்பிய அமைதி நினைவகம் இருக்கிறது. பொனெகி கரையில், மணலை ஒட்டிய ஆழமற்ற நீரில், ஜப்பானியச் சரக்குக் கப்பல்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அவற்றின் விலாவில் பவளமும் மீனும் குடியிருக்கின்றன. விலு என்னும் இடத்தில் உள்ளூரார் ஒருவர் தொடங்கிய திறந்தவெளிக் காட்சியகத்தில் விமானங்களும் பீரங்கிகளும் மரநிழலில் நிற்கின்றன. 2025 ஜூலையில் ஆய்வுக் கப்பல் ஒன்று, 1942-இல் துண்டிக்கப்பட்ட ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலின் முன்பகுதியைக் கடலடியில் கண்டறிந்தது.

தீவினரின் சொந்த வீரர்க்கு? வௌசாவுக்குச் சிலை உண்டு. சாரணர்களையும் கரைக்காவலர்களையும் போற்றும் நினைவுச்சின்னம் தலைநகரில் 2011 ஆகஸ்டு 7-ஆம் நாள் திறக்கப்பட்டது. போர் வந்து அறுபத்தொன்பது ஆண்டுகள் சென்றபின்! அக்கல் எழுந்தபோது அதற்குரியவர்களில் பெரும்பாலோர் மண்ணுக்குள் இருந்தனர்.

அன்பர்களே! நினைவுச்சின்னம் தாமதமாகவேனும் வந்தது. வந்தவர்கள் எடுத்துச் செல்ல மறந்தது ஒன்று உண்டு. அதுவே வெடிக்காத குண்டுகள். தோட்டத்தில் கொத்தினால் குண்டு. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினால் குண்டு. மீன் பிடிக்க வெடிமருந்து வேண்டி அவற்றைப் பிளப்போரும் உண்டு. கை இழப்போரும் உண்டு. 2020 செப்டம்பரில், குண்டுகள் கிடக்கும் இடங்களைக் கணக்கெடுக்க வந்த அயல்நாட்டு வல்லுநர் இருவர் ஹொனியாராவில் வெடித்து மாண்டனர். 2021 மே மாதத்தில் அதே நகரின் குடியிருப்புப் பகுதியில் சிலர் கூடித் தரையில் தீ மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தனர். அடுப்பின் கீழே மண்ணில் புதைந்திருந்த பீரங்கிக் குண்டு சூடேறி வெடித்தது. இளைஞர் இருவர் உயிரிழந்தனர். அந்தக் குண்டு செய்யப்பட்ட காலத்தில் அவர்களின் பெற்றோரும் பிறந்திருக்க மாட்டார்கள். 1943-இல் குவாடல்கனாலில் போர் முடிந்தது என்று நூல்கள் சொல்கின்றன. அடுப்பு மூட்டும் தாய் ஒருத்தி இந்தத் தரையில் தீ வைக்கலாமா என்று இன்றும் அஞ்சுகிறாள் என்றால், போர் எங்கே முடிந்தது?

போரிட்டவர்கள் வந்தார்கள், போரிட்டார்கள், தம் வீரர்க்குக் கல் நாட்டினார்கள், சென்றார்கள். தம் மண்ணில் புதைத்த இரும்பை முழுவதும் தோண்டி எடுக்கும் கடன் மட்டும் எஞ்சி நிற்கிறது. அந்நாட்டுக் காவற்படையின் சிறு குழு ஒன்று நாள்தோறும் குண்டுகளை எடுத்து அழித்து வருகிறது. அயல்நாடுகள் சில துணை செய்கின்றன. அத்துணையைத் தருமம் என்று எண்ணுதல் தவறு. கடனைத் திருப்பித் தருதல் என்று எண்ணுவதே முறை. நடுகல் எடுப்பதைவிட, குண்டு புதைந்த நிலத்தைத் தூய்மை செய்து குழந்தைகள் ஓடியாட விடுவதே மாண்டவர்க்கும் வாழ்பவர்க்கும் செய்யும் சிறந்த மரியாதையாகும்.

இளஞ்செல்வங்களே! இனி நீங்கள் ஒரு போரைப் பற்றிப் படிக்கும்போது, வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அங்கே குடியிருந்தவர் யார், சுமை தூக்கியவர் யார், யார் பெயர் விடுபட்டது என்று மூன்றாவதாக ஒரு கேள்வி கேளுங்கள். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு, மண்ணின் அருமையும் பெயரின் அருமையும் ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. ஜேக்கப் வௌசா, பியுக்கு காசா, எரோனி குமானா. இந்த மூன்று பெயர்களையேனும் இன்று வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். தொலைவிலுள்ள நாம் நம் நெஞ்சில் நாட்டும் சிறியதொரு நடுகல்லாக அது அமையட்டும்.